கப்தேன் திவரேக்கின் நான்காம் பாகம்

ஃபெர்னான் முனிசாமி செத்த வீடுகளுக்குத் தவறாமல் போவான். அழுவதற்கு அல்ல. பெட்டியருகே நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வான், விதவையின் கையைத் தொட்டு இரண்டு வார்த்தை முனகுவான். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் அவன் கண் கூடத்தைச் சுற்றிவந்து புத்தக அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். படித்தவர் செத்தால்தான் போவான். கரும்பு வெட்டுகிறவன் செத்த வீட்டில் அவனுக்கு என்ன வேலை?

சென்ட்ர் டி ஃப்ளாக்கின் மாவட்ட அலுவலகத்தில் அவன் குமாஸ்தா. கஞ்சி போட்ட காலர், கறுப்பு டை, முழங்கையில் தேய்ந்து பளபளக்கும் கோட்டு. அந்தக் காலரை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுக்கிறவள் அவன் மனைவி இவெட். சோப்பு கிடைக்காத நாளில் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து வெளுப்பாள். காலர் வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் அவன் பார்ப்பான்.

அவன் தேடியது ஒரு கதைப் புத்தகம். 'கப்தேன் திவரேக்' என்ற கடற்கொள்ளைக்காரனைப் பற்றிப் பிரான்சில் யாரோ ஏழு பாகம் எழுதி வைத்திருந்தான். முதல் மூன்றும் சண்டைக்கு முன்பே கப்பலில் வந்து இந்தத் தீவில் விற்றன. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கப்தேனைக் கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டு, மேல்தளத்துக்குத் தீயும் வைத்துவிட்டுக் கதையை நிறுத்தியிருந்தார்கள். அடுத்தது வருவதற்குள் ஜெர்மன்காரன் பிரான்சுக்குள் நுழைந்துவிட்டான். கப்பல் நின்றது. பிறகு பர்மா அரிசி நின்றது, சைக்கிள் டயர் நின்றது. ஃபெர்னானைக் கேட்டால், இந்தச் சண்டையில் உலகத்துக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் நான்காம் பாகம் வராமல் போனதுதான்.

நான் காரைக்கால்காரன். பெயர் தில்லைநாதன். ஜவுளிக்கடை முதலாளி ஒருவரை நம்பிக் கப்பலேறி வந்து, சண்டையால் திரும்ப வழியில்லாமல் தங்கிப்போனவன். இவர்கள் வாயில் என் பெயர் நாத்தான் ஆயிற்று. முனிசாமி என்ற பெயரைச் சுமந்துகொண்டிருந்தாலும் ஃபெர்னானுக்குத் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அவன் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கரும்புக்காட்டில் மாடாய் உழைத்து ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டவர். பேரன் என்னை 'நேற்று இந்தியாவிலிருந்து இறங்கியவன்' என்பான். எனக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்று அறிந்த பிறகுதான் பக்கத்து வீட்டில் ஒரு மனிதன் குடியிருப்பதை ஒப்புக்கொண்டான். அவர்கள் பேசியதெல்லாம் கிரியோல், இந்தத் தீவின் கலப்புப் பிரெஞ்சு. என் காதில் விழுந்தபடிக்குத் தமிழில் எழுதுகிறேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மொரிஸின் சவரக்கடை. அங்கேதான் திவரேக் பக்தர்கள் கூடுவார்கள். மொரிஸ், தபால்காரன் தெனி, ஃபெர்னான், சர்க்கரை ஆலையில் எடை போடுகிற இரண்டு பேர், சமயத்தில் நான். ஊரெங்கும் மரவள்ளி ரொட்டியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ரேஷனில் அரிசிக்குப் பதில் சோளக்குருணை கொடுத்தார்கள். அந்தக் கடையில் மட்டும் கப்தேன் தீயிலிருந்து எப்படித் தப்பியிருப்பான் என்பதுதான் பேச்சு.

"சங்கிலி மரத்துலதானே அடிச்சிருக்கு? மரம் எரிஞ்சா சங்கிலி தானா கழண்டுடும்" என்பான் மொரிஸ், ஒருவனின் கன்னத்தில் கத்தியை வைத்துக்கொண்டு.

"மரம் எரியறப்போ கப்தேன் எரிய மாட்டானா?" என்பான் தெனி.

"நீங்கள்லாம் மூணு பாகம் படிச்சு என்ன பிரயோஜனம்?" என்பான் ஃபெர்னான். "அந்த ஆசிரியர் இவ்வளவு மட்டமா யோசிக்க மாட்டார். இலக்கியம்னா என்னன்னு தெரிஞ்சவங்ககிட்டதான் இதையெல்லாம் பேசணும்."

இலக்கியம் தெரிந்த அந்த மனிதன் சைக்கிளில் பாம்ப்ளமூஸ் வரை போய் ஒரு பாதிரியாரின் அலமாரியைக் குடைந்தான். டயருக்குள் காற்றுக்குப் பதில் வைக்கோலை அடைத்துக்கொண்டு போனான். போர்ட் லூயியில் பழைய சாமான் விற்கிற கடைகளில் மண்டியிட்டுத் தேடினான். போன இடமெல்லாம் முதல் மூன்று பாகங்களே கிடைத்தன. பத்திரம் பதிகிற நொத்தேர் ஒருவர் செத்து அவர் வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்த நாளில், தோட்டத் தொழிலாளர்கள் அரிசி கேட்டு மாவட்ட அலுவலகத்தின் முன் உட்கார்ந்துவிட்டார்கள். வடக்கே ஒரு தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பெண்கள் காலித் தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ரோட்டை மறித்திருந்தது.

ஃபெர்னான் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "பாரு நாத்தான், இந்த ஜனங்களைப் பாரு. இன்னைக்குத்தான் பசிக்கணுமா இவங்களுக்கு? ஏலம் முடிஞ்சிருக்கும்!"

அவன் வீட்டிலும் அதே சோளக்குருணைதான் வெந்துகொண்டிருந்தது. அது அவன் நினைவில் இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவன் மகள் கொலெட்டுக்கு மலேரியா வந்தது. எட்டு வயதுப் பெண். குளிர்காய்ச்சல் வரும்போது கட்டிலே ஆடும். கொய்னா கொடுத்துக் காய்ச்சல் அடங்கியது, ஆனால் வயிறு எதையும் ஏற்கவில்லை. சோளக்குருணையை ஊட்டினால் உடனே வாந்தி. மரவள்ளியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கீரைச் சாறு மட்டும் இரண்டு வாய் இறங்கும். வைத்தியர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அரிசிக் கஞ்சியும் பாலும் கொடுங்க, தேறிடும்" என்று சொல்லிப் போனார். எங்கேயிருந்து கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. கடை முதலாளி எனக்கென்று ஒதுக்கியிருந்த கொஞ்சம் அரிசியைக் கொடுத்தேன். அது இரண்டு நாளைக்கு வந்தது. இவெட் தன் கல்யாண உடுப்பைப் பிரித்து வேறொருத்திக்குத் தைத்துக் கொடுத்து ஒரு டப்பா பால் வாங்கினாள்.

தெனி செய்தி கொண்டுவந்தது அந்த வாரத்தில்தான். ஊருக்கு வெளியே, கரும்புக்காட்டின் ஓரத்தில், மிஸ்யே லாவர்ன் என்று ஒரு கிழவர் இருந்தார். தோட்டத்தில் பெரிய மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கலப்பு இரத்தம் என்று வெள்ளைக்காரர்கள் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் மற்ற யாரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. கண்பார்வை மங்கிப்போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். தபால் கொடுக்கப் போன தெனியிடம், தன்னிடம் திவரேக் ஏழு பாகமும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"ஏழுமா?" என்று ஃபெர்னான் எழுந்தேவிட்டான். முகத்தில் பாதிச் சோப்பு நுரை.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். லாவர்ன் எங்களைப் படியேறச் சொல்லவில்லை. முற்றத்து வெயிலில் நின்றோம். ஃபெர்னான் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"புத்தகம் வீட்டை விட்டுப் போகாது" என்றார் கிழவர். "எனக்குக் கண் தெரியலை. வாசிச்சுக் காட்ட ஆள் வேணும்."

"நான் வாசிக்கிறேன் மிஸ்யே. எனக்கு அது பாக்கியம்."

மேஜைமேல் கிடந்த பழைய பத்திரிகையைத் தடவி எடுத்து நீட்டினார். ஃபெர்னான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். இரண்டாவது வரியிலேயே கிழவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"போதும், போதும். கரும்பு மெல்லுற மாதிரி மெல்லுறே. உன் தாத்தா வெட்டின கரும்பு இன்னும் உன் வாயிலேயே இருக்கு. உங்க வீட்ல கன்னியாஸ்திரீங்ககிட்ட படிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

நான் ஃபெர்னானைப் பார்த்தேன். கோபம் வருமென்று நினைத்தேன். எனக்கே வந்தது.

"என் மனைவி இருக்கா மிஸ்யே" என்றான். "மடத்துல அஞ்சு வருஷம் படிச்சவ. உச்சரிப்பு சுத்தமா இருக்கும்."

"அனுப்பு" என்றார் லாவர்ன், நாயைப் பிடித்துக் கட்டச் சொல்வது போல.

இவெட் சமையலறையில் மரவள்ளிக் கிழங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. கிரியோலில் பெண்டாட்டி புருஷனைப் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் பேசுவாள். வந்த புதிதில் கேட்டு எனக்குக் காது சுட்டிருக்கிறது. ஃபெர்னானைத் தெரிந்துகொண்ட பிறகு அது போதாதோ என்று தோன்றியது.

"தனியா இருக்கிற கிழவன் வீட்டுக்கு என்னைப் போகச் சொல்றே" என்றாள்.

"வாசிக்கத்தான் சொல்றேன். சனிக்கிழமை மத்தியானம், ஞாயிறு பூசைக்கு அப்புறம். வாசிச்சதை வந்து எனக்குச் சொல்லு. வரி விடாம சொல்லணும்."

"ஊர் என்ன பேசும்?"

"இந்த ஊருக்கு இலக்கியத்தைப் பத்தி என்ன தெரியும்?"

கத்தி கிழங்கில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இவெட் சொன்னாள்: "என்னோட அண்ணன் உயிரோட இருந்திருந்தா இந்நேரம் உன் பல்லைப் பொறுக்கிட்டு இருப்பே ஃபெர்னான்."

"போறியா, இல்லியா?"

"கொலெட்டை யாரு பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்றான். பெற்ற மகளைப் பார்த்துக்கொள்வதாக அந்த வீட்டில் அவன் சொன்னது அதுவே முதல் தடவை. அதற்குக் கப்தேன் திவரேக் வேண்டியிருந்தது.

முதல் சனிக்கிழமை அவள் போனாள். ஞாயிறும் போனாள். செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடைக்கு நூல் வாங்க வந்தவள், ஆள் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"நாத்தான், நீங்க கப்பல்ல வந்தவர்தானே. அடித்தளம்னா எப்படி இருக்கும்?"

"எதுக்கு?"

"புத்தகம் இல்லை" என்றாள். "அந்தக் கிழவன்கிட்ட முதல் மூணுதான் இருக்கு. எல்லார்கிட்டயும் இருக்கிற அதே மூணு. வாசிக்க ஆள் வேணும்னு ஏழுன்னு சொல்லிட்டான். அவனுக்குத் திவரேக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். போன வருஷப் பத்திரிகையில யார் யார் செத்தாங்கன்னு வாசிக்கச் சொல்றான். ஒவ்வொரு பேரா கேட்டுச் சந்தோஷப்படறான். அப்புறம் சூப்பு வைக்கச் சொல்றான், நகம் வெட்டச் சொல்றான். நான் நல்லா வாசிக்கிறேனாம். முதுகைத் திருப்பிக்கிட்டுக் கேட்டா வெள்ளைக்காரின்னே நினைச்சுக்கலாமாம். கண்ணே தெரியாதவனுக்கு முதுகு எதுக்கு?"

"அப்போ போகாம இருந்துடேன்."

அவள் பையைத் திறந்து காட்டினாள். துணி முடிச்சில் அரிசி. வெள்ளை அரிசி, பழைய பர்மா அரிசி. பக்கத்தில் மூடி போட்ட பித்தளைச் செம்பில் பால்.

"அவன் பின்கட்டுல மூட்டை மூட்டையா வெச்சிருக்கான். ஒரு மாடும் இருக்கு, பாலுக்கு இன்னைக்கும் போய்ட்டு வர்றேன். சும்மா வாசிக்க மாட்டேன்னு முதல் நாளே சொல்லிட்டேன். கொலெட் நேத்து ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சா நாத்தான். வாந்தி எடுக்கலை."

"ஃபெர்னான்கிட்ட உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அவனை உங்களுக்குத் தெரியாதா? புத்தகம் இருக்குன்னு நினைக்கிற வரைக்கும் பெண்டாட்டி எங்கே போனாலும் அவனுக்குச் சம்மதம். புத்தகம் இல்லைன்னு தெரிஞ்சா அவனுக்குத் திடீர்னு மானம் வந்துடும். அந்த மானத்தை வெச்சு நான் கஞ்சி காய்ச்ச முடியாது. அதனால ஒரு நாலாம் பாகம் வேணும். தலைவலின்னு சொல்லி ரெண்டு நாள் தள்ளிப்போட்டாச்சு. சொல்லுங்க, அடித்தளம் எப்படி இருக்கும்?"

சொன்னேன். காற்றில்லாத இடம், அழுகின உருளைக்கிழங்கு வாடை, சுவருக்கு அப்பால் தண்ணீர் உரசும் சத்தம், தலைமாட்டில் எலி. மூன்றாம் வகுப்பில் நான் வந்ததெல்லாம் அவளுக்கு உதவியது. நூலை வாங்கிக்கொண்டு உதட்டை அசைத்தபடியே போனாள்.

அன்றைக்கு மாலை வேலிக்கு அப்பாலிருந்து நான்காம் பாகம் தொடங்கியது. அவள் துணி தேய்த்துக்கொண்டே சொன்னாள். ஃபெர்னான் கொலெட்டின் கட்டில் ஓரம் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டான். அந்தக் கப்பலில் ஊர்சுல் என்று துணி துவைக்கிற வெளுப்புக்காரி ஒருத்தி இருந்தாள். தீப்பிடித்ததும் ஆண்களெல்லாம் பீப்பாய் ரம்மைக் காப்பாற்ற ஓடினார்கள். ஊர்சுல் நனைந்த துணி மூட்டைகளை எடுத்துத் தீயின்மேல் போட்டு அணைத்தாள். அப்புறம் கீழே இறங்கிப் போய்க் கப்தேனின் சங்கிலியை அவிழ்த்தாள்.

"சாவி எப்படிக் கிடைச்சுது?" என்றான் ஃபெர்னான்.

"மாலுமி சட்டைப் பையில இருந்தது. சட்டைப் பையில என்ன இருக்குன்னு துணி வெளுக்கிறவளுக்குத் தெரியாதா?"

வாரா வாரம் கதை வளர்ந்தது. கொலெட்டும் வளர்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு, அப்புறம் உப்புக்கண்ட மீனைத் தக்காளியோடு வதக்கித் தொட்டுக்கொண்டு சோறு. காலில் சதை பிடித்தது. கட்டிலை விட்டு இறங்கிக் கோழிகளைத் துரத்தினாள். அந்த அரிசிச் சோற்றை ஃபெர்னானும் உட்கார்ந்து சாப்பிட்டான். எங்கேயிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. 'திவரேக் இந்த வாரம் எந்தத் தீவில் இறங்கினான்' என்பதுதான் அவன் கேட்டது.

சவரக்கடையில் அவன் ராஜாவாகிவிட்டான். தானே லாவர்ன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்தவன்போல் சொல்லுவான். பக்க எண் கூடச் சொல்லுவான். ஆலைக்காரர்கள் சவரம் முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். கதை கேட்பதற்காகவே தாடியில்லாத ஆட்களும் வந்தார்கள்.

"ஒரே ஒரு குறை" என்பான் ஃபெர்னான், காலைத் தூக்கிக் கால்மேல் போட்டுக்கொண்டு. "ஆசிரியருக்கு வயசாகிப்போச்சுன்னு நினைக்கிறேன். அந்த வெளுப்புக்காரியை ரொம்ப உள்ள விடறார். கப்தேன் ஒண்ணுமே செய்யறதில்லை. பசிச்சா அவ சோறு போடறா, வழி தப்பினா அவ காட்டறா. இவன் மேல்தளத்துல நின்னு மீசையைத் தடவிக்கிட்டு இருக்கான். முதல் மூணு பாகத்துல இருந்த கம்பீரம் இல்லை."

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றான் மொரிஸ்.

"உனக்குப் பிடிக்கும். நீ படிச்சது அவ்வளவுதான்."

நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இவெட் லாவர்ன் வீட்டுக்குப் போய் வருவதை ஊர் பேசாமல் இல்லை. கிணற்றடியில் பேசினார்கள், கோயில் வாசலில் பேசினார்கள். ஒரு ஞாயிறு பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். அவள் நடுவில் கையை விரித்துச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் சனிக்கிழமைதோறும் சவரக்கடையில் அவள் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கரும்பு வெட்டு முடிகிற சமயத்தில் ரெயூனியோன் தீவிலிருந்து பாய்மரக் கப்பல் ஒன்று வெங்காயமும் பூண்டும் ஏற்றிக்கொண்டு வந்தது. அதில் தெனியின் மச்சான் மாலுமி. அவன் பூண்டுச் சரத்தோடு ஒரு புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தான். அட்டை கிழிந்த, எண்ணெய்க் கறை படிந்த நான்காம் பாகம்.

தெனி அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, சனிக்கிழமை கடை நிரம்பிய பிறகு சட்டைக்குள்ளிருந்து எடுத்தான்.

"முனிசாமி, இதுதானே நீ படிச்சது?"

ஃபெர்னான் முகம் முதலில் மலர்ந்தது. பாவம், அவன் சந்தோஷம்தான் பட்டான். "இதேதான்! எங்கே கிடைச்சுது? வாசி, வாசி. நான் சொன்னேனே, அந்தத் துணி மூட்டை..."

தெனி வாசித்தான். முதல் பக்கத்திலேயே மழை பெய்து தீ அணைந்தது. காவல்காரன் ஒருவன் கப்தேனின் வீரத்தை மெச்சிச் சங்கிலியை அவிழ்த்துவிட்டான். பிறகு கப்தேன் ஒரு மலை உச்சியில் நின்று பிரான்சின் பெருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். மொரிஸுக்குக் கொட்டாவி வந்தது.

"ஊர்சுல் எங்கே?" என்றான் ஆலைக்காரன்.

"இல்லை" என்றான் தெனி. பக்கங்களை விசிறிக் காட்டினான். "கடைசி வரைக்கும் பாத்துட்டேன். வெளுப்புக்காரியும் இல்லை, ஒருத்தியும் இல்லை."

எல்லோரும் ஃபெர்னானைப் பார்த்தார்கள்.

"அது... நான் நேரா வாசிக்கலை. இவெட்தான் வாசிச்சு வந்து சொல்லுவா" என்றான்.

அந்த வாக்கியம் முடிந்த பிறகுதான் அதன் மற்ற அர்த்தம் அவனுக்கே உறைத்தது. கடையில் யாரோ மூக்கால் சிரித்தான். தெனி புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அப்போ உன் பெண்டாட்டி இத்தனை மாசமா லாவர்ன் வீட்ல எதை வாசிச்சா?"

தெனிக்கு விடை தெரிய வேண்டியதில்லை. கேள்வி கேட்டதிலேயே அவனுக்குத் திருப்தி. கடிதம் சுமந்து பிழைக்கிற அவனைக் குமாஸ்தா ஃபெர்னான் எத்தனையோ தடவை எழுத்தறிவில்லாதவன் என்று சொல்லியிருக்கிறான்.

ஃபெர்னான் தொப்பியை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவன் கத்தல் தெருமுனை வரை கேட்டது. இவெட் லாவர்ன் வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி அடுப்பில் உலை வைத்திருந்தாள். கொலெட் வாசலில் ஓடுகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கையைப் பிடித்து என் வீட்டுப் பக்கம் கூட்டிப்போனேன்.

"நாலாம் பாகம் எங்கே? சொல்லு! அங்கே என்ன பண்றே நீ?"

"செத்தவங்க பேரை வாசிக்கிறேன். சூப்பு வைக்கிறேன். நகம் வெட்டறேன்."

"புத்தகம்?"

"இல்லை. இருந்ததே இல்லை. அவன் பொய் சொன்னான், நீ நம்பினே."

"என் மானம் போச்சுடி! ஊரே சிரிக்குது!"

"எது போச்சு?" என்றாள். குரல் ஏறவில்லை. "அது உங்கிட்ட எப்போ இருந்தது? அந்த முற்றத்துல தொப்பியைக் கழட்டிக்கிட்டு நின்னு, என் மனைவி இருக்கான்னு சொன்னியே, அப்போ இருந்ததா? கொலெட் உடம்பு எரிஞ்சுக்கிட்டுக் கிடந்தப்போ நீ யார் வீட்டு அலமாரியைத் தடவிக்கிட்டு இருந்தே? அரிசிக்காகப் போனேன். நாளைக்குக் குழந்தைக்கு வேணும்னா இன்னும் கேவலமான கிழவன் வீட்டுக்கும் போவேன். நீ சாப்பிட்டியே, தட்டை வழிச்சு வழிச்சு. ஒரு நாள் கேட்டியா, இது எங்கேருந்துன்னு?"

"கதை... அந்தக் கதை?"

"துணி தேய்க்கறப்போ வாயில வந்ததைச் சொன்னேன்."

இதுதான் அவனை எல்லாவற்றையும்விட அதிகமாக அடித்தது என்று நினைக்கிறேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். "அந்தக் கிழவனை இன்னைக்கு உயிரோட விடறதில்லை!"

"போய்ட்டு வா" என்றாள் இவெட். "அப்படியே பால் செம்பை அங்கே வெச்சுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வா."

கொலை நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொலெட்டை இவெட்டிடம் விட்டுவிட்டுப் பின்னால் போனேன். கரும்பு வெட்டிய நிலத்தில் காய்ந்த சோகை காலைக் கிழித்தது. எரித்த இடங்களிலிருந்து கரித்தூள் பறந்து அவன் வெள்ளைக் காலரில் ஒட்டியது. வழியெல்லாம் குடையை வீசிக் கரும்புக் கட்டைகளை அடித்துக்கொண்டே போனான். லாவர்ன் வீட்டு வாசலுக்கு வந்ததும் வேகம் குறைந்தது. படியருகே போனதும் நின்றேவிட்டான்.

"யாரது?" என்றார் கிழவர், நாற்காலியிலிருந்து.

"நான்... முனிசாமி, மிஸ்யே."

கை தலைக்குப் போயிற்று. தொப்பி என்னிடம் இருந்ததால் வெறும் தலையைத் தடவிவிட்டு இறங்கியது.

"என்ன வேணும்?"

ஒரு வார்த்தை திட்டமாட்டானா, ஒரு கல்லாவது எடுத்துப் போடமாட்டானா என்று பார்த்தேன்.

"நாலாம் பாகம் உங்ககிட்ட இல்லைன்னு சொல்றாங்க மிஸ்யே."

"இல்லை. அதுக்கென்ன?"

"அஞ்சாவது... அஞ்சாவதாவது இருக்குதா?"

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகு கையை ஆட்டிப் போகச் சொன்னார். நான்தான் படியேறிப் போய்ச் சமையலறையிலிருந்து பால் செம்பை எடுத்துவந்தேன். திரும்பும் வழியில் அவனை முன்னால் நடக்கவிட்டுப் பின்தங்கி வந்தேன். சேர்ந்து நடந்திருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ.

இவெட் அதற்குப் பிறகு லாவர்ன் வீட்டுக்குப் போகவில்லை. ஃபெர்னான் தடுத்ததால் அல்ல. அவன் தடுத்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை போய், கொலெட் தேறிவிட்டாள், இனி வாசிக்க முடியாது என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் ரேஷனில் கொஞ்சம் அரிசி வர ஆரம்பித்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிற வேலை ஒன்றும் கிடைத்தது. நான் கடையில் துணியை வெட்டிக் கொடுப்பேன், அவள் தைத்துக் கொண்டுவருவாள். கிழவர் வேறு ஒருத்தியைத் தேடிக்கொண்டார் என்று கேள்வி.

சவரக்கடைக்கு ஃபெர்னான் இரண்டு மூன்று வாரம் போகவில்லை. தெனி அங்கே நான்காம் பாகத்தை வாசித்து முடித்தான். கேட்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசி அத்தியாயத்துக்கு அவனும் மொரிஸும் மட்டும் இருந்தார்கள். மொரிஸ் தூங்கிவிட்டான்.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, மொரிஸும் ஆலைக்காரர்கள் இருவரும் ஃபெர்னான் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். தெனியும் பின்னால் நின்றான், வெட்கமில்லாமல். ஃபெர்னான் வாசலுக்கு வந்தான். தன்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"உன்னைப் பார்க்க வரலை முனிசாமி" என்றான் மொரிஸ். "மதாம் இவெட்டைக் கொஞ்சம் கூப்பிடு."

இவெட் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கீரைத் தண்டு. பூசையில் பெஞ்சு மாறி உட்கார்ந்த பெண்களின் புருஷன்மார் இருவரையும் முதலில் பார்த்தாள்.

"என்ன?"

மொரிஸ் தொப்பியைக் கையில் சுருட்டினான். "அது வந்து மதாம், புத்தகத்துல இருக்கிறது சுத்த மட்டம். உங்க கதையில ஊர்சுல் அந்தக் கவர்னர் வீட்டுத் துணி மூட்டையில ஒளிஞ்சு கோட்டைக்குள்ள போனாளே, அதோட நிக்குது. கப்தேன் வெளியே படகுல காத்துக்கிட்டு இருக்கான். அப்புறம் என்ன ஆச்சு? நாங்க எல்லாரும் பேசிப் பாத்துட்டோம், ஒண்ணும் சரியா வரலை. சொன்னீங்கன்னா..."

ஃபெர்னான் ஒரு ஓரமாக நின்றான். அவன் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. அதை மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை.

இவெட் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கிணற்றடியில் அவளைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கீரைத் தண்டை முறித்து நாரை உரித்துக் கீழே போட்டாள்.

"ஊர்சுல் கோட்டைக்குள்ள போனா. அங்கே சம்பளத்தோட வேலை கிடைச்சுது. இருந்துட்டா" என்றாள். "கப்தேன் படகுல காத்துக்கிட்டே இருந்தான். துடுப்புப் போடத் தெரியாது. அலை வந்தது, கவுந்தான், முழுகிச் செத்தான்."

ஆலைக்காரன் ஒருவன், "செத்தே போய்ட்டானா?" என்றான், சொந்தக்காரனைப் பற்றிக் கேட்பது போல.

"செத்தே போய்ட்டான். யாரும் தேடலை."

அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். அவள் இன்னொரு தண்டை எடுத்ததும் ஒவ்வொருவராகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். தெனி கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். முற்றத்தில் ஃபெர்னான் மட்டும் நின்றான்.

"இவெட்" என்றான், தணிந்த குரலில். "கப்தேன் சாகறது... எத்தனையாவது பாகத்துல?"

அவள் சமையலறை வாசற்படியில் திரும்பினாள்.

"நீ இருக்கிற பாகத்துல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.